எங்கே நின்று சொன்னார்கள்?

துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறுவதே இப்போது எனக்குப் பெரிய வேலை. ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போதுதான் நிவேதாவின் போன் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விவசாயக் கருவிகள் கம்பெனியில் புதுப்பொருள் பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைவி. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி.

"மேடம், கம்பெனிக்கு ஒரு சிறப்பு மலர் போடறோம். புதுப் பொருளை உருவாக்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோற முறையை எப்படி மேம்படுத்தறதுன்னு உங்க அனுபவத்துல நாலு பாயிண்ட் குடுங்க. நாலே நாலு."

இதே தலைப்பில் நான் எத்தனை முறை பேசியிருப்பேன்! ஒவ்வொரு புது அதிகாரி வரும்போதும் ஒரு புது முறை வரும். அதற்கு ஒரு புதுப் பெயர், ஒரு பயிற்சி வகுப்பு, மதியம் பிரியாணி. சுவரில் அட்டை ஒட்டுவார்கள். அவர் போனதும் அந்த அட்டையின் மேலேயே அடுத்தவர் அட்டை. என் கடைசி வருடங்களில் அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அப்புறம் மேடம், எங்க புது மெஷினுக்கு அனந்தபுரம் பக்கம் உங்க சித்தப்பா பையன் நிலத்துலதான் களச் சோதனை. நம்ம ஆளுங்கன்னா நல்லா ஒத்துழைப்பாங்கல்ல?" என்றாள்.

ஈரத்துணி வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. நாலு பாயிண்ட் என்னிடம் இல்லை. நடந்த கதைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன், மலரில் போட்டால் போடட்டும்.

செஞ்சியில் பள்ளிக்கூடம், சென்னையில் இஞ்சினியரிங். நான் கல்லூரியில் சேருவதற்கு முன்பே என் அப்பா, நைனா, இறந்துவிட்டார். சித்தப்பாதான் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசல் வரை வந்தார். "பொட்டப்புள்ளைக்கு மெஷின் படிப்பு எதுக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "அது இஷ்டம், படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர். படிப்பு முடித்துக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் போல்ட்டும் நட்டும் வரைந்தே போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சபாபதி சாரின் கீழ் வந்த பிறகுதான் வேலை என்று ஒன்று தெரிந்தது.

சபாபதி சார் அப்போது புதுப்பொருள் பிரிவின் தலைவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச் இருக்கும். கூட்டங்களில் உட்காரவே மாட்டார். ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கிராம்பைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினால் நாங்கள் அவசரமாகக் காகிதங்களைப் புரட்டுவோம். ஏதோ ஒரு கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம்.

எந்தப் புதுப் பொருளுக்கும் படம் வரைவதற்கு முன்னால் அரைப் பக்கம் எழுதித் தரவேண்டும் என்பது அவர் சட்டம். தமிழில் எழுதவேண்டும். யார் இதைக் கையில் எடுக்கப்போகிறார்கள், எடுத்து என்ன செய்வார்கள், அவ்வளவுதான். நான் முதலில் எழுதிக் கொடுத்த அரைப் பக்கத்தில் 'வாடிக்கையாளர்கள்' என்று ஆரம்பித்திருந்தேன்.

"வாடிக்கையாளர்னு ஊர்ல யாரும்மா இருக்காங்க? பேரைச் சொல்லு."

"விவசாயிங்க சார்."

"எந்த விவசாயி? ஆம்பளையா, பொம்பளையா? வேலைக்கு வரும்போது சாப்டாச்சா, இல்லையா? பேர் தெரியலன்னா போய்க் கேட்டுட்டு வா. அப்புறம் படம் வரையலாம்."

படம் வரையத்தானே படித்தோம், இது என்ன கட்டுரைப் போட்டியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே வந்து முணுமுணுத்தேன். ஆனாலும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

அவருடைய இன்னொரு பழக்கத்துக்கு ஒரு மருந்து தெளிக்கும் கருவி காரணம். முதுகில் சுமந்துகொண்டு அடிப்பது. அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அதைச் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கருவியைத் தூக்கி அடித்த மனிதர் எங்களை வழியனுப்ப ரோடு வரைக்கும் வந்தார். பஸ் வந்து, நான் படியில் ஒரு காலை வைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "பட்டை மட்டும் கொஞ்சம் கழுத்த அறுக்குதும்மா. மத்தபடி ஒண்ணும் இல்ல."

எனக்கு முன்னால் ஏறியிருந்த சார் உடனே இறங்கிவிட்டார். கண்டக்டர் திட்டினார். பஸ் போய்விட்டது. சார் நடுரோட்டில் நின்று அந்த மனிதரின் சட்டைக் காலரை விலக்கி, டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்த மனிதருக்குக் கூச்சம் தாங்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்காக வெகுநேரம் காத்துக்கிடந்தபோதுதான் சார் சொன்னார்: "இனிமே யார் சொன்னாங்கன்னு மட்டும் எழுதாத. எங்க நின்னு சொன்னாங்கன்னும் எழுது. சாப்பாடு போட்டுட்டுச் சொன்னது கணக்குல சேராது. மெஷின் முன்னாடி நின்னு சொன்னதை நம்பாத. பஸ் ஏறும்போது சொல்றாங்க பாரு, அதை மட்டும் எடுத்துக்கோ."

அதிலிருந்து எங்கள் களச் சோதனை அறிக்கைகளில் ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் 'களத்துமேட்டில்', 'பந்தியில்', 'பஸ் ஸ்டாப்பில்' என்று எழுதத் தொடங்கினோம். மற்ற பிரிவுக்காரர்கள் எங்களை வைத்துச் சிரித்தார்கள். சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அந்த மல்லாட்டை மெஷினுக்கு வருகிறேன்.

நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். செடியைப் பிடுங்கிப் போட்ட பிறகு பெண்கள் நிழலில் உட்கார்ந்து காய்களைக் கையால் பறித்தெடுப்பார்கள். அதற்கு ஆயறது என்று பெயர். ஆய்ந்த காயில் ஒரு பங்குதான் அவர்களுக்குக் கூலி. அந்த வேலையைச் செய்ய நாங்கள் ஒரு மெஷின் செய்தோம். உள்ளே பல் வைத்த உருளை ஒன்று சுற்றும். செடியைக் கத்தையாகப் பிடித்துக் காட்டினால் காய் கீழே கொட்டும், கொடி கையில் நிற்கும். ஒரு விவசாயியும் அவர் வீட்டு ஆள் ஒருவரும் போதும். ஆள் கூலி மிச்சம். நன்றாகத்தான் செய்திருந்தோம். உருளையின் பல்லை எந்தச் சாய்வில் வைப்பது என்று தலையை உடைத்துக்கொண்டவள் நான். காய் நசுங்காமல் விழுந்த அன்று குழந்தை நடந்ததைப் பார்த்ததுபோலச் சந்தோஷப்பட்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பொருள் வெளியே போகவேண்டும் என்றால் வரிசையாகப் பல கட்டங்களைத் தாண்டவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து. களச் சோதனை முடிந்து, சபாபதி சார் கையெழுத்துப் போட்டால்தான் அறிமுகத் தேதி. சட்டம் அப்படி. நடந்தது வேறு. விற்பனைப் பிரிவின் தலைவர் அறிமுக விழாவுக்கு மண்டபத்தையே பிடித்துவிட்டார். அதன் பிறகுதான் சோதனைக்கு இடம் தேடினார்கள். முகூர்த்தம் குறித்துவிட்டுப் பெண் பார்க்கப் போன கதை.

"மல்லிகாவோட சித்தப்பா நிலம் அனந்தபுரம் பக்கத்துலதானே இருக்கு? அங்கேயே வெச்சுக்கலாம். சொந்தக்காரங்க, வேலை சுலபம்" என்றார் விற்பனைத் தலைவர்.

"வேற ஊர் பாக்கலாம் சார்" என்றேன் நான். சபாபதி சாரும் அதையே எழுதிக் கொடுத்தார். நேரமில்லை என்று பதில் வந்தது.

சோதனை நாளன்று சித்தப்பா வீட்டில் கல்யாண வீட்டுக் களை. முன்கூட்டி விதைத்திருந்த ஒரு துண்டு நிலத்தில் செடி பிடுங்கி வைத்திருந்தார்கள். ஊரே வந்து நின்றது. மெஷின் ஓடியது, காய் கொட்டியது. சித்தப்பா தோளில் புதுத் துண்டு போட்டுக்கொண்டு எல்லாரிடமும் போய், "நம்ம பாப்பா செஞ்சது. எங்க அண்ணன் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மல்லாட்டை ஆயும் பெண்களுக்கு மேஸ்திரியான கன்னியம்மா மட்டும் வேலியோரம் நின்றாள், கிட்டே வரவில்லை. சித்தி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். எல்லாரும் சாப்பிட்டு, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பந்தியில்', 'பந்தியில்' என்று எழுதிக்கொண்டே போனேன்.

மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சார் மட்டும் எழுந்து போனார். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்தார். மெஷினின் மூடியைத் திறந்து, உருளையின் பல் நுனிகளுக்கு ஒவ்வொன்றாக வெள்ளை பெயிண்ட் பூசினார். நான் பார்ப்பதைப் பார்த்து, "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். மெஷினை அறுவடை முடியும்வரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திரும்ப எப்போது வருவோம் என்று சொல்லவில்லை. அதுவும் அவர் வழக்கம்.

ஆயுதபூஜை முடிந்ததும் விற்பனைத் தலைவர் ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பக்கத்தில் சித்தப்பா கைகூப்பி நிற்கிறார்.

"பாத்தீங்களா? சாமியாவே கும்பிடறாங்க. இதுக்கு மேல இன்னா சோதனை வேணும் உங்களுக்கு?"

சார் கிராம்பை மாற்றிக்கொண்டார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் போட்டோவையே போஸ்டராக அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அறுவடை ஓய்ந்த சமயத்தில் ஒருநாள் சார், "வா, போய்ட்டு வரலாம்" என்றார். பஸ்ஸில் போய் இறங்கினோம். வீட்டில் யாருமில்லை, சித்தப்பா கிணற்றடிப் பக்கம் போயிருந்தார். கொட்டகையில் மெஷினுக்கு ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். துவைத்த வேட்டி. அதை விலக்கினால் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன, மாலை சருகாகியிருந்தது. ஒரு துளி தூசி இல்லை. சார் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

பல் நுனிகளில் வெள்ளை பெயிண்ட் பூசினபடியே இருந்தது. ஒரு கத்தைச் செடி பட்டிருந்தால்கூட உரிந்திருக்கும். கொட்டகைக்கு வெளியே ஆய்ந்து போட்ட மல்லாட்டைக் கொடி ஆளுயரத்துக்குப் போராகக் கிடந்தது. அத்தனையும் கையால் ஆய்ந்தது.

சித்தப்பா வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, திறந்திருந்த மூடியைப் பார்த்ததும் சுருங்கியது.

"வாங்க சார், வா பாப்பா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா? மெஷின் சூப்பரா இருக்குது..."

"ஓட்டவே இல்லையே சித்தப்பா" என்றேன்.

அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். சார் தூரமாகப் போய் வேலியைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அப்போதுதான் சித்தப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மெஷின்மேல குத்தம் இல்ல பாப்பா. மல்லாட்டை ஆய அதுங்க வேணாம்னுட்டு, அடுத்த மாசம் களைக்கு வாங்கன்னா வருமா? கன்னியம்மா செட்டு இல்லன்னா எனக்கு நடவும் இல்ல, களையும் இல்ல. வருஷம் பூரா அதுங்க மூஞ்சில முழிக்கணும்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்டி சொல்றது? நீ செஞ்சது. உன் கூட பெரியவங்க எல்லாம் வந்திருக்காங்க. வூட்டுக்கு வந்தவங்ககிட்ட குறை சொல்லுவாங்களா? உனக்கு வேலையில கெட்ட பேரு வந்துட்டா?"

எனக்கு அழுகை வந்தது. மெஷின் தோற்றதற்காக அல்ல. அவர் அதை வேட்டி போர்த்திப் பாதுகாத்திருந்தார் பாருங்கள், அதற்காக.

திரும்பும்போது பஸ்ஸில் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கூட்டத்துல இதை யார் சொல்றது, நானா நீயா? நான் சொன்னா 'ஒரு விவசாயி'ன்னு சொல்லிடறேன்" என்றார்.

ஒரு விவசாயி என்றால் எந்த விவசாயி என்று கேட்பார்கள். பெயர் இல்லாத பேச்சு எதுவும் கூட்டத்தில் நிற்காது என்பது அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். "நானே சொல்றேன் சார்" என்றேன்.

சொன்னேன். சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, பெயிண்ட்டைச் சொல்லி, கன்னியம்மாவின் ஆட்களைச் சொல்லி, இந்த மெஷினை இப்படியே விற்கக்கூடாது, வாங்குகிற ஆளை மாற்றி யோசிக்கவேண்டும் என்றேன்.

"அப்ப உங்க சித்தப்பா பொய் சொன்னார்ங்கறீங்க" என்றார் விற்பனைத் தலைவர்.

"பொய் சொல்லல சார். விருந்தாளிகிட்ட குறை சொல்லல. நாமதான் விருந்தாளியா போனோம்."

யாரோ சிரித்தார்கள். சபாபதி சார் ஜன்னலோரம் நின்றபடியே, "நான் கையெழுத்துப் போடலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் அவருக்குப் பதிலாக வேறொருவர் 'பொறுப்பு' என்று போட்டுக் கையெழுத்திட்டார். விழா குறித்த தேதியில் நடந்தது. எனக்கும் ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தப் போஸ்டரைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அனந்தபுரம் ரோடு வரைக்கும் ஒட்டினார்கள். சித்தப்பா கைகூப்பி நிற்கிற படம். கீழே, 'இனி ஆள் தேட வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில்.

கன்னியம்மாவின் ஆட்கள் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போவார்கள். பார்த்தார்கள். அந்த மார்கழியில் சித்தப்பாவின் நெல்லுக்குக் களையெடுக்க ஒருத்திகூட வரவில்லை. "அவருக்குத்தான் ஆளு வேணாமாமே" என்றாளாம் கன்னியம்மா. எதற்குப் பயந்து அந்த மனிதர் மெஷினைத் தொடாமல் இருந்தாரோ, அது தொடாமலே நடந்துவிட்டது. சித்தப்பாவும் சித்தியும் பள்ளிக்கூடம் போகிற அவர்கள் பையன் குமாரும் மூன்று பேருமாகக் குனிந்து களையெடுத்தார்கள். பாதி நிலம் கோரைப் புல்லுக்குப் போனது.

போஸ்டரை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சாத ஆள் இல்லை. ஒட்டியது ஒட்டியதுதான் என்றார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்ட் சுவரில் இருந்ததை நானே நகத்தால் கிழித்தேன். பசை கெட்டியாக இருந்தது. சித்தப்பாவின் முகம் பாதி கிழிந்து பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை, ஆத்திரமாக இருந்தது.

கூட்டத்தில் நான் சொன்ன விஷயமும் ஒரு டீலர் வழியாகச் சித்தப்பா காதுக்குப் போயிருந்தது. வீட்டுக்குப் போனேன். சித்தி தண்ணீர் கொடுத்தாள். சித்தப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"பெரியவங்க முன்னாடி என்னைப் பொய்யன்னு சொல்லிட்டியாமே?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது எடுபடவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வா, சாப்டியா என்பதைத் தாண்டிப் பேசவில்லை. நன்றாகத்தான் உபசரித்தார். அந்த உபசாரம்தான் தாங்கவில்லை. விருந்தாளியை உபசரிப்பதுபோல இருந்தது.

மெஷின்கள் முதல் பருவத்தில் டீலர்களிடம் போயின. பிறகு கொட்டகைகளில் நின்றன. பிறகு திரும்பி வந்தன. அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. சபாபதி சாரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னல்கூடக் கிடையாது, அவர் எங்கே போய் நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வுபெறுவதற்கு முன்னால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அந்த அரைப் பக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'இது வந்தால் யாருக்கு வருத்தம்?'

"இதை நானே முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். ஓய்வுபெற்றதும் மகள் வீட்டோடு போய்விட்டார். பிறகு ஒருநாள் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. லீவு கிடைக்காததால் என்னால் போகமுடியவில்லை.

அந்த வரியை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தோம். அந்த முறை என் அரைப் பக்கத்தில் எழுதிய பெயர் கன்னியம்மா. விவசாயிக்கு விற்காமல், ஆய்கிற பெண்களின் குழுவுக்கே விற்பது. அவர்களே நிலம் நிலமாகத் தூக்கிக்கொண்டு போய், வழக்கமான பங்கு காயைக் கூலியாக வாங்கிக்கொள்வது. இரண்டு பேர் தூக்கக்கூடிய எடை, உட்கார்ந்தபடி செய்கிற உயரம். எழுதுவதற்கு இரண்டு வரி. செய்வதற்குப் பல அறுவடைகள் ஆயின. கன்னியம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. மெஷினுக்குக் குடை வேண்டும், ரேடியோ வேண்டும், போஸ்டரில் தன் படம் வேண்டும் என்பாள். அவள் கேட்டதில் பாதி நடக்காத காரியம். கம்பெனியிலோ யாருக்கும் அக்கறையில்லை. மூன்று விற்பனைத் தலைவர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன்.

சின்ன மெஷினை முதன்முதலில் கொண்டுபோய் இறக்கியபோது சித்தப்பா நிலத்துக்குப் போகவில்லை. இரண்டு நிலம் தள்ளி இறக்கினோம். பெண்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றோம். சித்தப்பா வந்தார். தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அப்போது அவருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. கிட்டே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மாலையில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவர் வேகமாக நடந்து வந்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே, பாப்பா?"

"சொல்லுங்க சித்தப்பா."

"அந்த மெஷினு காலு சரியில்ல. ஈர மண்ணுல எறங்குது. ஒரு பக்கம் சாஞ்சா பொம்பளைங்க கையி உள்ள போயிடும். இன்னா இஞ்சினியர் நீ? அதைக்கூட பாக்க மாட்டியா?"

பஸ் வந்து நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை. ரோட்டோரம் நின்று அழுதேன். அவர் பதறிப்போய், "தோ பாரு, நான் சும்மா சொன்னேன், மெஷின் நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஐயோ, இல்ல சித்தப்பா, திட்டுங்க, இன்னும் திட்டுங்க" என்றேன். இருவரும் நிலத்துக்குத் திரும்பி நடந்தோம். டார்ச் அடித்து மெஷினின் காலைப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. அகலமான பாதம் வைத்து மாற்றினோம். அந்த மெஷின் இன்றும் விற்கிறது. பரபரப்பாக இல்லை, ஒழுங்காக விற்கிறது. அதற்காகக் கம்பெனி எனக்குக் கொடுத்த கேடயம் காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது. சித்தப்பா என்னைத் திட்டியதுதான் எனக்குக் கிடைத்த பரிசு.

அவரும் இப்போது இல்லை. சோதனைக்கு இறக்கிய அந்தப் பழைய பெரிய மெஷினைக் கம்பெனி எடுத்துப்போகவே இல்லை, குமாரின் கொட்டகையில் இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் சந்தனம் வைக்கிறான். "அக்கா செஞ்சது" என்று பிள்ளைகளிடம் சொல்கிறான். மூடியைத் திறந்தால் வெள்ளை பெயிண்ட் அப்படியே இருக்கும். நான் திறப்பதில்லை.

இவ்வளவும் எழுதி முடித்துப் பேனாவை வைக்கும் நேரத்தில் குமாரின் போன்.

"அக்கா, உங்க கம்பெனி பொண்ணு நிவேதா வந்து மெஷின் எறக்கியிருக்குது. பேட்டரியில ஓடுது. ரொம்ப நல்லா இருக்குதுக்கா!"

"நீ இப்ப எங்க நின்னு பேசற?"

"வூட்லதான். அந்தப் பொண்ணு இங்கதான் சாப்டுது. மீன் கொழம்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மலராவது மண்ணாவது என்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"குமாரு, அந்தப் பொண்ணு பஸ் ஏறிப் போனப்புறம் எனக்கு ஒரு போன் போடு" என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் போட்டான். கொஞ்ச நேரம் மழை வருமா, மாடு கன்று போட்டது என்று எதையெதையோ பேசினான். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?" என்றான்.

"கோச்சிக்க மாட்டேன், சொல்லு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.